நெடி வராத மிளகாய்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. எங்கள் ஷார்ஜா ஃபிளாட்டின் சமையலறையில், ஆறு பெரிய மிளகாய்களை அடுப்புத் தீயில் நேரடியாக வாட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு மேனேஜர் சாப்பிட வருகிறார்!

எல்லாம் வாயால் வந்த வினை.

துபாய் அல் கூஸில் இருக்கும் எங்கள் வேர்ஹவுஸுக்கு மேனேஜர் கார்லோஸ். மெக்சிகோக்காரர். தீபாவளிக்கு நானும் லீவு கேட்டிருந்தேன், லக்னோ குப்தாஜியும் கேட்டிருந்தார். “ஒருத்தர்தான் போகலாம். யாருன்னு திங்கட்கிழமை சொல்றேன்” என்றுவிட்டார் கார்லோஸ்.

அன்று லன்ச்சில் அவரே ஒரு பெருமூச்சு விட்டார். ஊரில் அவர் அம்மா பெரிய மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, உள்ளே சீஸ் அடைத்து, நுரைக்க அடித்த முட்டையில் முக்கிப் பொரிப்பாராம். “இங்கே யார் செய்து தருவா?” என்றார்.

“ஐ வில் மேக் சார்! சாட்டர்டே! மை ஹவுஸ்!”

யார் இப்படிக் கத்தியது என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் பிரெட் டோஸ்ட் — அதுவும் ஒரு பக்கம் கருகிவிடும். குப்தாஜி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

சரி, அடுப்படிக்கு வருவோம். மிளகாய் கருகக் கருக, என் மனைவி வசந்தி வாசலில் நின்று மோப்பம் பிடித்தாள்.

“ஏங்க, ஆறு மிளகாயைச் சுடுறீங்க... துளிகூட நெடி வரலையே?”

“இது காரமில்லாத ஜாதி வசந்தி.”

“எந்த ஜாதியா இருந்தா என்ன? மிளகாயைச் சுட்டு நெடி வரலைன்னா திருஷ்டி. உங்க லீவு மேல யாரோ கண்ணு வெச்சிருக்காங்க.”

யாரோ என்ன யாரோ! (குப்தாஜிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

தோலை உரித்தேன். ஒரு மிளகாய் கையோடு கிழிந்து வந்தது. மீதி ஐந்தில் சீஸை அடைத்தேன். முட்டை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால்... டிரேயையே காணோம்.

“முட்டை எங்கே?”

“புரட்டாசி பொறந்த அன்னிக்கே பக்கத்து ஃபிளாட்டுக்குக் கொடுத்துட்டேனே. இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா, தெரியாதா? காலையில பெருமாளுக்குத் தளிகை போட்ட அடுப்புங்க இது!”

புரட்டாசி சனிக்கிழமை பார்த்து மேனேஜரை முட்டை விருந்துக்கு அழைத்த முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லக்னோவில் குப்தாஜி மத்தாப்பு கொளுத்துவது கண்ணுக்குத் தெரிந்தது.

வசந்தி புடவையை இழுத்துச் செருகினாள். “மிளகாயை மாவுல முக்கி எண்ணெயில போடணும், அவ்வளவுதானே? எங்க ஊர்ல இதுக்குப் பேரு பஜ்ஜி. தள்ளுங்க!”

கடலை மாவு கரைந்தது. கிழிந்ததற்குப் பதிலாக, தமிழ்க் கடையில் வாங்கிய சாதாரண பஜ்ஜி மிளகாய் ஒன்றைக் கீறிச் சீஸ் வைத்தாள். கணக்குக்கு ஆறு.

கார்லோஸ் வந்தார். தட்டைப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. நான் பெருமாள், புரட்டாசி, முட்டை என்று மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் சிரித்தார். “ஈஸ்டருக்கு முன்னாடி நோன்பு நாள்ல எங்க வீட்லயும் கறி கிடையாது.”

ஒரு கடி கடித்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

“இது எங்க அம்மா செய்றது இல்லை.”

போச்சு...

“ஆனா இன்னொண்ணு வை.”

நான்கு சாப்பிட்டார், தேங்காய்ச் சட்னியோடு! ஐந்தாவதையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, விருந்தோம்பும் பண்பாளனாக, அந்தச் சப்பையான ஆறாவதை நான் எடுத்துக்கொண்டேன்.

பஜ்ஜி மிளகாயில் நூற்றுக்கு ஒன்று ராட்சசனாகப் பிறக்கும் அல்லவா? அது என் தட்டில் பிறந்திருந்தது. மேனேஜர் எதிரில் துப்ப முடியுமா? விழுங்கினேன். காது அடைத்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

கார்லோஸ் ஃபோர்க்கைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, “அம்மா ஞாபகமா?” என்றார்.

வாயைத் திறந்தால் புகை வரும். தலையை மட்டும் ஆட்டினேன். அவ்வளவும் பொய்யா என்று கேட்காதீர்கள்... அம்மாவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவர் மொபைலை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். என் மொபைல் ‘டிங்’ என்றது. லீவு அப்ரூவ்டு!

“கோ ஹோம், மை ஃபிரெண்ட்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் வாயில் ஐஸ் கட்டியோடு நின்றேன். வசந்தி என் சிவந்த கண்ணையும் ஒழுகும் மூக்கையும் திருப்தியாகப் பார்த்தாள்.

“இப்ப வந்துச்சு பாருங்க நெடி... திருஷ்டி கழிஞ்சுது. போய் டிக்கெட்டைப் போடுங்க!”