மெத்தையில் எட்டுப் பேர்

மல்யுத்தத்தில் துணைப் பயிற்சியாளருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, விழுகிற வேலை என்றுதான் சொல்வேன். தலைமைப் பயிற்சியாளர் ஒரு பிடியை விளக்கிவிட்டுத் தூக்கி எறிந்து காட்ட ஒரு உடம்பு வேண்டும். அது நான். பிறகு மாணவிகள் ஒவ்வொருவராக எறிந்து பழக ஒரு உடம்பு வேண்டும். அதுவும் நான். இடையிடையே மெத்தையை மருந்து போட்டுத் துடைப்பது, நகம் பார்ப்பது, மோதிரம், தோடு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வைப்பது. குரோய்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வாரம் இரண்டு பின்னேரம் இந்த வேலை. மற்ற நாட்களில் சூப்பர் மார்க்கெட்டில் ஷிப்ட்.

நான் மல்யுத்தம் பழகியது ஜேர்மனியில். அகதியாகப் போய் இறங்கிய சின்ன ஊரில் பிள்ளைகள் சேர இரண்டே கழகங்கள் இருந்தன. ஒன்றில் எக்காளம் ஊதவேண்டும், மற்றதில் மல்யுத்தம். எனக்கு ஊத வரவில்லை. கல்யாணமாகி லண்டன் வந்ததும் விட்டுவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏன் அப்படி நினைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஸ்ட்ரெதமில் எங்களோடு இருந்த மாமி, கணவரின் தாய், மருமகள் காலேஜில் படிப்பிக்கிறாள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என்ன பாடம் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

நாலாவது வருடம் தலைமைப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார். பல்கேரியாவிலிருந்து வந்தவர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். பெண்கள் வகுப்பில் எட்டுப் பேர் இல்லாவிட்டால் அதை மூடிவிடுவார்கள், தவணை முடிவதற்குள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மெத்தையில் நிற்பவர்களை எண்ணுவார் என்றார். என்னை எண்ணமாட்டார்களாம். எங்களிடம் இருந்தது ஏழு பேர். வகுப்பு போனால் என் வேலையும் போகும். மல்யுத்தத்துக்குப் பெண்ணைத் துணைப் பயிற்சியாளராக வைத்திருந்த வேறு இடம் லண்டனில் இருந்ததாக எனக்குத் தெரியாது. எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும், கோபம் வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

எட்டாவது ஆளை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் கண்டுபிடித்தேன். அங்கே வேலை செய்த அக்கா பிரான்ஸிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. இருபது கிலோ அரிசி மூட்டையை முதுகு வளையாமல், முழங்காலை மடக்கித் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, யாருக்கோ முருங்கைக்காய் விலையும் சொன்னார். அப்படித் தூக்க ஒருத்தியைப் பழக்குவதற்கு எனக்கு ஆறு மாதம் பிடிக்கும்.

"அக்கா, மல்யுத்தம் பழக வாறீங்களோ?" என்று கேட்டேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார்.

மூன்று நாள் விடாமல் போனேன். சும்மா போய் நிற்கக் கூச்சமாக இருந்ததால் மூன்று பைக்கற் கடுகு வாங்கினேன். நாலாம் நாள் என்னைக் கண்டதும், "எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

வந்த முதல் நாளே அவரை அசைக்க ஒருத்தியாலும் முடியவில்லை. இருபது வயதுப் பெண்கள் இடுப்பைப் பிடித்து இழுக்க, அவர் சிரித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு சிக்கல், அவருடைய தாலிக்கொடி. இங்கே மற்றத் தமிழ்ப் பெண்கள் கொடியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத் தாலியை மெல்லிய சங்கிலியில் போட்டுத் திரிவார்கள், இவர் கடைக்கும் ஒன்பது பவுண் தங்கக் கொடியோடுதான் வருவார். கழற்றமாட்டேன் என்றார். நான் அதைப் பிளாஸ்டர் போட்டு நெஞ்சோடு ஒட்டிவிட்டேன். விதிப்படி அதுவும் கூடாது. எட்டாவது ஆளை இழக்கக்கூடாது என்ற அவசரத்தில் செய்த பிழை அது, என்னுடைய பிழை.

மூன்றாவது வாரம் ஒரு பெண்ணின் விரல் கொடிக்குள் மாட்டிக்கொண்டது. விரல் வீங்கியது, அக்காவின் கழுத்தில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. தலைமைப் பயிற்சியாளர் காயப்பட்ட இருவரையும் விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். சங்கிலியைக் கழற்றாமல் இனி அவர் மெத்தையில் ஏறக்கூடாது என்றார். எண்ண வருவது அடுத்த வியாழக்கிழமை.

உடை மாற்றும் அறையில் அக்காவின் கழுத்துக்கு மருந்து பூசினேன்.

"கழட்டி, அவருக்கு ஒண்டு நடந்திட்டால் ஆர் பதில் சொல்லுறது? நீர் கழட்டுவீரோ?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஓம் அக்கா. நாலு வருசமாக் கழட்டுறன். கால்மேசுக்குள்ளை சுத்தி, சப்பாத்துக்குள்ளை வைச்சிட்டுத்தான் மெத்தையிலை ஏறுறன்."

அவர் சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போனார். என் கணவருக்கு இது தெரியும், தெரியாதவர்போல இருப்பதில் அவர் கெட்டிக்காரர். மாமிக்குத் தெரியாது. அந்தக் கடைக்கு மாமி கிழமைக்கு மூன்று தரம் போவார்.

கடையில் கேள்விப்படுவதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். மாமி பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கழட்டிப்போட்டு எங்கை வைக்கிறனி?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "சப்பாத்துக்குள்ளையோ?"

கழற்றியதைவிடச் சப்பாத்துத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், "அது ஒரு ஆளின்ரை கையிலை இருக்கவேணும்" என்றார், சுவருக்குச் சொல்வதுபோல.

"அங்கை எனக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் வாங்கோ."

"நான் தொடக்கூடாது."

மாமா இறந்து பதினொரு வருடம். கல்யாண வீடுகளில் ஆசீர்வதிக்கச் சொல்லித் தாலித் தட்டு வரிசையாக வரும்போது, மாமி ஏதோ வேலை இருப்பவர்போல எழுந்து போய்விடுவார். அது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும். நான் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

"ஆர் சொன்னது தொடக்கூடாதெண்டு?" என் குரல் உயர்ந்துவிட்டது. "இந்த வேலையை விட்டால் எனக்கு வேறை ஒண்டும் தெரியாது மாமி. எட்டாவது ஆள் வருவாவோ தெரியாது. என்ரையை எண்டாலும் நீங்கள் வந்து பிடியுங்கோ."

வியாழக்கிழமை குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கல்லூரியில் சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் அவரை இருத்தினேன். கைலேஞ்சித் துணியை விரித்து, தன் தோல் படாமல் என் தாலியை வாங்கிக்கொண்டார்.

ஏழு பெண்களும் வரிசையில் நின்றார்கள். அலுவலகத்துக்காரர் ஒரு அட்டையோடு வந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். கதவு திறந்து கடை அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தார். கழுத்தில் கொடி அப்படியே இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், வாங்கில் என் தாலியைக் கைலேஞ்சியில் ஏந்திக்கொண்டிருந்த மாமியைக் கண்டார். மாமியின் வெறும் நெற்றி அவருக்குப் புதிதல்ல, கிழமைக்கு மூன்று தரம் பார்க்கிற முகம். நேரே அவரிடம் போய், இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய்க் கொளுக்கியைக் கழற்றினார்.

"அன்ரி, இதைப் பிடியுங்கோ."

மாமி கைகளைக் கோட்டின் கைக்குள் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் பிள்ளை. நான் பிடிக்கக்கூடாது. வேறை ஆரிட்டையாவது குடும்."

"வேறை ஆரிட்டை? நேரமில்லை அன்ரி, எண்ணப் போகினம்."

மாமியின் வலது கையைப் பிடித்து வெளியே இழுத்து, கொடியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு மெத்தைக்கு ஓடினார்.

அலுவலகத்துக்காரர் பேனாவால் சுட்டிச் சுட்டி எண்ணினார். எட்டு. அதை எழுதினார். தலைமைப் பயிற்சியாளர் என்னை வழக்கம்போலத் தூக்கி எறிந்து அன்றைய பாடத்தைத் தொடங்கினார்.

இடைவேளையில் இயந்திரத்தில் தேநீர் எடுத்துக்கொண்டு வாங்குக்குப் போனேன். கைலேஞ்சி மாமியின் காலடியில் விழுந்து கிடந்தது. வலது கையில் அக்காவினது, இடது கையில் என்னுடையது, இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை நீட்டினேன்.

"பிறகு குடிக்கிறன். இப்ப ரெண்டு கையும் வேலையாய் இருக்குது" என்றார்.