ஐந்தாவது, ஆறாவது எழுத்து

எங்கள் மேனேஜர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மேசை மணியை ஒருமுறை அடித்தால் நான் போக வேண்டும். இரண்டு முறை அடித்தால் டைப்பிஸ்ட் அக்கா. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்த அந்தக் கம்பெனியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வேலை எங்கள் மூவருடையது. உலகத்து வங்கிகளை அடையாளம் காட்டும் ஸ்விப்ட் கோடெல்லாம் தன் தலையில் இருப்பதாக அவர் பீற்றிக்கொள்வார். அந்தத் தலையில் சாயத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள், எங்களுக்கு ரசாயனம் விற்கும் இத்தாலிக் கம்பெனியின் பெயரில் மெயில் வந்தது. வங்கி மாறிவிட்டது, இனி இந்தப் புதுக் கோடில் உள்ள கணக்குக்கு அனுப்பவும் என்று. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

"சார், கோடுல அஞ்சாவது, ஆறாவது எழுத்துதான் நாடு. இத்தாலின்னா ஐ, டி இருக்கணும். இதுல வேற நாடு வருது. ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம் சார்."

"நீ இன்னா, பேங்க் நடத்துறியா? பேஜார் பண்ணாம டைப் பண்ணும்மா."

அக்கா அடித்துக் கொடுத்த படிவத்தைப் படிக்காமலே மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பணம் வரவில்லையே என்று இத்தாலிக்காரர்களே போன் செய்தார்கள். அந்த மெயில் அவர்கள் அனுப்பியதே இல்லை. எங்கள் வங்கியில் விசாரித்தால், அந்தக் கணக்கிலிருந்து பணம் முழுவதையும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றார்கள். முதலாளி எங்களைக் கூப்பிட்டார். மேனேஜருக்கு நா குழறவே இல்லை.

"கோடைச் சரி பாக்கச் சொன்னேன் சார். இந்தம்மா பாக்காமலே அனுப்பிட்டாங்க."

தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்படி முதலாளி அக்காவிடம் சொன்னார்.

"நான்தான் சார் வேணாம்னு சொன்னேன். இவரைக் கேளுங்க," என்று அக்கா என்னைக் காட்டினார்.

"நான் கவனிக்கல சார்," என்றேன்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. என் முகத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மதிய பஸ்ஸில் குடியாத்தத்துக்குப் போனவர் வேலைக்குத் திரும்பவே இல்லை.

போன மாதம் வேலூரில் ஏற்றுமதி அலுவலக ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. பாடம் எடுக்க வந்தவர், ஓய்வுபெற்ற அதே மேனேஜர். அதே சாயம், அதே மிடுக்கு.

"கோடுல அஞ்சாவது, ஆறாவது எழுத்தைப் பாருங்க. எங்க ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான் அதைக் கண்டுபிடிச்சேன். சொன்னா யார் கேக்கறாங்க?" என்றார். கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை.

அந்த ஆளின் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.