பக்கத்துக்கு ஒரு வரி

அறுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை. புரோகிராமை அட்டைகளில் துளையிட்டு கம்ப்யூட்டர் அறை ஜன்னலில் கொடுத்தால், அச்சான தாள் மறுநாள்தான் கைக்கு வரும். எனக்கோ பிறவியிலேயே பொறுமை கிடையாது.

என் முதல் புரோகிராம் எண்களால் ஒரு முக்கோணம். முதல் வரியில் 1, அடுத்ததில் 12, பிறகு 123 என்று ஒன்பது வரை போகும். வரி வரியாகப் போக வெளியே ஒரு சுற்று, அதாவது லூப்; வரிக்குள் எண்களை அடுக்க உள்ளே ஒரு சுற்று. வீட்டுக்குப் போகும் காக்ஸ் டவுன் பஸ்ஸிலும் அந்தச் சுற்றுகளையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை.

காலையில் ஜன்னல் திறக்குமுன்பே போய் நின்றேன். ஆபரேட்டர் ஒரு கட்டுத் தாளைத் தூக்கிப் போட்டார்.

"என்னம்மா இது, பக்கத்துக்கு ஒரு வரி? பேப்பர் என்ன சும்மாவா வருது?"

முதல் பக்கம் காலி. அடுத்ததில் வெறும் 2. அதற்கடுத்து 23.

"உங்க மெஷின் கெட்டுப்போயிருக்கு" என்று கத்தினேன். கத்தி முடித்ததும்தான் பயிற்சி வகுப்பில் சொன்னது உறைத்தது. வரியின் முதல் எழுத்தை அந்த இயந்திரம் அச்சடிக்காது, கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அங்கே 1 இருந்தால் புதுப் பக்கத்துக்குப் போகும். என் எல்லா வரியும் ஒன்றில்தான் ஆரம்பித்தது!

வரிக்கு முன்னால் ஓர் இடம் காலி விட்டு, ஒரே ஒரு அட்டையை மட்டும் மாற்றி ஓடிவந்து நீட்டினேன்.

"நாளைக்குக் காலையிலேயே வந்துடறேன்."

"இன்னிக்கு சனிக்கிழமைம்மா" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.