ரத்தம் முந்திச் சொன்ன பிறகு

என் மனைவிக்குப் புற்றுநோய் என்று இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கீமோவும் முடிந்து, உதிர்ந்த முடி திரும்ப வளர ஆரம்பித்திருந்த சமயத்தில், தில்லைநகரில் எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார்.

"கட்டியிலேர்ந்து உதிர்ற மரபணுத் துணுக்கு ரத்தத்துல மிதக்கும்மா. வைத்தியம் எல்லாம் ஆன பிறகும் அது இருந்துச்சுன்னா, நோய் திரும்பி வர வாய்ப்பு ஜாஸ்தி. பல பேருக்கு ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே இதுல தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா மருந்து மாறுமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"இப்போதைக்குப் பெருசா மாறாதும்மா. அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. கட்டாயம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

திருவானைக்காவல் திரும்பும் பஸ்ஸில், வேண்டாம் என்றேன். மருந்தில்லாத சேதி நமக்கு எதற்கு? அவள் ஜன்னல் வழியே காவிரி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேணா ரிசல்ட்டைக் கேக்காதீங்க. எனக்குத் தெரியணும். அப்புறம் பாத்துக்கலாம்னு நான் என்னென்ன தள்ளி வெச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் கேட்டதில்லை.

ரத்தத்தை எடுத்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று இருவரும்தான் போனோம். ரத்தத்தில் துணுக்கு இருந்தது. ஸ்கேனிலோ ஒன்றுமே இல்லை. எதை நம்புவது என்று கேட்டேன். "ரெண்டும் உண்மைதாங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தபடி, "எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக் குடுங்க" என்றாள்.

"இப்பவா?"

"பின்ன எப்ப?"

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். வேலை பார்த்த காலம் முழுக்க பஸ்ஸுக்கு நின்றே போய் வந்தவள். கொள்ளிடக் கரையோரச் சாலையில் காலை நேரங்களில் என் ஸ்கூட்டரை அவள் ஓட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். கீமோ விரல் நுனிகளை மரக்கடித்திருந்ததால், பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா என்று குனிந்து பார்ப்பாள். "ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு!" என்று கத்துவேன். இரைப்பை இல்லாததால் அவ்வப்போது ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டாக வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, பாதி வாழைப்பழத்தை மென்றுவிட்டு, மறுபடி ஏறுவாள்.

லைசென்ஸுக்கு எட்டு போடும்போது முதல் தடவை காலை ஊன்றிவிட்டாள். அடுத்த தடவை ஊன்றவில்லை. இறங்கி வந்தவளின் சிரிப்பை, கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஸ்ரீரங்கத்துக்குப் பூ வாங்கப் போவதென்றாலும் முக்கொம்புக்குப் போவதென்றாலும் அவள்தான் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். தேவையே இல்லாத இடத்தில் ஹாரன் அடிப்பாள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போனாள். துணுக்கின் அளவு கூடியிருக்கிறது என்றார்கள். கேட்டுக்கொண்டாள். "வாங்க, வெயிலுக்கு முன்ன பாலத்தைத் தாண்டிடலாம்" என்று சாவியை எடுத்தாள்.

கடைசியில் ஸ்கேனிலும் தெரிந்தது. மறுபடி மருந்து ஏற்றினார்கள். ஒரு நாள் வாசல்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. "இனிமே நீங்களே ஓட்டுங்க. மேடு பள்ளம் பாத்துப் போங்க" என்றாள். தை மாதம், வீட்டிலேயே போய்விட்டாள்.

பிறகொரு முறை டாக்டரைக் கடைத்தெருவில் பார்த்தேன். ரத்தத்தில் தெரிந்த உடனேயே மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். யாருக்காவது பலிக்கட்டும். என் மனம் கேட்பது வேறு. ரத்தம் சொல்லி, உடம்பு இன்னும் சொல்லாமல் இருந்த அந்த மாதங்கள்தான் எனக்கு வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து அவளிடம் திட்டு வாங்க வேண்டும்.

இந்த வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டபோது பாலத்தில் நல்ல கூட்டம். நானும் போய் நின்றேன். "பாரேன், கரையத் தொட்டுக்கிட்டுப் போவுது" என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லியும்விட்டேன்.

அங்கே நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மா, "ஆமாங்க" என்றார்.