நாலு கால் எறும்புகள்

போன வாரம் எங்கள் ஆபீஸில் எல்லோரையும் மீட்டிங் ஹாலில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு தாளும் ஒரு டப்பா கலர் பென்சிலும் கொடுத்தார்கள். தாளில் பூவும் இலையுமாக வெறும் கோடு மட்டும் போட்டிருந்தது. கலர் அடித்தால் பதற்றம் குறையுமாம். சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். நான் முதலில் பார்த்தது தாளின் மூலையை. அங்கே பெயர் எழுத இடம் விட்டிருந்தது. மனசு லேசாவதற்குப் பெயர் எதற்கு?

"இதைக் கடைசியில் வாங்கிக்கொள்வீர்களா?" என்று இந்தியில் கேட்டேன்.

"ஹாங் அங்கிள், ஐஸே ஹி" என்று சிரித்தாள். சும்மாதானாம். சும்மா எதையும் யாரும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். முப்பது வருடம் ஆபீஸில் இருந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? அதனால் இலைக்குப் பச்சை, பூவுக்குச் சிவப்பு என்று, யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாதபடி அடித்தேன்.

அந்தப் பச்சைதான் கெடுத்தது. அசல் ஃபைல் டேக் பச்சை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. காகிதத்தில் ஓட்டை போட்டு ஃபைலில் கோர்க்கிற நூல்கயிறு அது. இரண்டு முனையிலும் சின்னத் தகரப் பூண் இருக்கும். புதுக்கட்டைப் பிரித்தால் கஞ்சி போட்ட வேட்டி வாசனை வரும்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சித்தப்பாவோடு டெல்லி வந்தவன் நான். தினக்கூலியாக இதே ஆபீஸில் சேர்ந்தபோது என் இடம் ஆபீசர் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல். தலைக்கு மேலே பெல். அது அடித்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை நனையும். டீ கொண்டுபோனால் சார் கோப்பையைப் பார்ப்பதற்கு முன்னால் அது ஆடுகிற சத்தத்தைக் கேட்டுவிடுவார். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்துகூட இருக்கிறது என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு, ஆள் சரியில்லை என்று அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் பழைய ஃபைலிலிருந்து கழன்று கிடந்த டேக்கை எடுத்து, பெல்லுக்குக் காத்திருக்கிற நேரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று முடிச்சு உடம்பு, நாலு சுருக்கு கால், இரண்டு பூணும் மீசை. பார்த்தால் எறும்பு. பெல் அடித்தது. கை நடுங்கவில்லை.

அதிலிருந்து தினமும் ஒரு எறும்பு. யாருக்கும் காட்டவில்லை. வளர்ந்த ஆள் எறும்பு செய்கிறான் என்று சிரிப்பார்கள் அல்லவா. எங்கே ஒளித்தேன் என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். சாருடைய மேசை டிராயருக்கு அடியில் ஒரு கட்டை இருந்தது. அதை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று காலையில் தூசி தட்டும்போது அங்கே சொருகிவைப்பேன்.

தீபாவளிக்கு முன்னால் அறைக்கு வெள்ளையடித்தார்கள். மேசையைச் சாய்த்தபோது எறும்புகள் பொலபொலவென்று கொட்டின. ஹெட் கிளார்க் இரண்டடி பின்னால் போனார். "டோட்கா ஹை, சார்" என்றார். செய்வினை என்று அர்த்தம்.

எங்கள் ஆபீசர் ராமநாதன் சார் திருநெல்வேலிக்காரர், நிறையப் படித்தவர். ஆனால் அவருக்கு மூன்று மாதமாகத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது, பிரமோஷனும் தள்ளிப்போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குத்தான் கைய தூக்க முடியல. இப்ப தெரியுதா ஏன்னு? ஒனக்குத் தெரியாம இந்த மேசைக்கடியில ஈ நொழையுமாடே? யாரு வச்சா, சொல்லு."

என்னை நிரந்தரமாக்குகிற ஃபைல் அவர் மேசைமேல்தான் இருந்தது. நான் என்று சொன்னால் வேலை போகும். ஒருவேளை எல்லாம் தெரிந்துதான் ஆழம் பார்க்கிறாரோ என்றும் ஒரு சந்தேகம்.

"தெரியாதுங்க சார்."

"டேக்கெல்லாம் யாரு அலமாரியில இருக்கு?"

சாந்தா மேடத்தின் அலமாரியில். டெல்லியிலேயே கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்த டைப்பிஸ்ட். ஸ்டேஷனரி பொறுப்பும் அவரிடம்தான். தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதபோது, "உங்க வீட்டுலயும் கல்யாணம் வரும் சார், அப்ப பாக்கலாம்" என்று எல்லோர் முன்னாலும் சாரிடம் சாபம்போலச் சொன்னவர். சார் கேட்டதற்கு நான், "மேடம் அலமாரியிலங்க" என்றேன். பொய் இல்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

ஒரு வாரத்தில் மேடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். காரணம் என்று காகிதத்தில் எதுவும் கிடையாது. போகிற அன்றைக்கு டிபன் பையோடு என் ஸ்டூலுக்கு வந்தார். பிரிக்காத டேக் கட்டு ஒன்றை என் மடியில் வைத்தார்.

"பையா, சீண்டிக்கு ஆறு கால். நீங்க நாலுதான் வெக்கறீங்க."

பையா என்றால் இந்தியில் அண்ணன், சீண்டி என்றால் எறும்பு; தமிழ்ச் சொல் அவருக்கு வாயில் வரவில்லை போல. படியிறங்கிப் போனார்.

எப்போது பார்த்தார்? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? வேறு யாரிடமாவது சொல்லிவைத்திருப்பாரோ என்று, என்னைக் காப்பாற்றியவரையே பல மாதம் சந்தேகப்பட்டேன். அவர் வேலை செய்த கட்டடம் நடந்தால் பத்து நிமிஷம். அப்போது ஒருநாளும் போகவில்லை. என் ஃபைலில் கையெழுத்து ஆனது. சாரின் தோள்பட்டையும் குளிர்காலம் முடிந்ததும் தானாகச் சரியானது. செய்வினையை எடுத்ததால்தான் என்று கடைசிவரை நம்பினார். எனக்குத்தான் அதன் பிறகு டேக்கைத் தொட்டாலே கை நடுங்கியது. மேடம் தந்த டேக் கட்டை வீடு மாறியபோது எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

இப்போது பெல் இல்லை, போனில் மெசேஜ் வருகிறது. ஃபைல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கிடக்கிற டேக்கைப் பொறுக்கலாம் என்றாலும் தரையில் ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் தாள்களை வாங்கிக்கொண்டே வந்தாள். ஏனோ, என் இலையின்மேல் பென்சிலால் ஓர் எறும்பு வரைந்திருந்தேன். கால்களை எண்ணினேன். ஆறு.

"நாம் லிக் தீஜியே, அங்கிள்" என்றாள். பெயர் எழுதச் சொன்னாள்.

எனக்குத் தமிழில்தான் எழுத வரும். நிதானமாக முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். சார் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். சாந்தா மேடம் எங்கே இருக்கிறார் என்று, அவர் மாறிப்போன கட்டடத்தில் இப்போது போய்க் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை.