கண்ணாடிக் கடை இருமலக்கா

“உங்க முகத்துக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குங்க” என்று கண்ணாடிக்காரர் சொல்லி வாய் மூடுவதற்குள் கடையின் மூலையிலிருந்து ஓர் இருமல் வரும். சளி இருமல் அல்ல. தொண்டையில் முள் சிக்கினாற்போல், வேண்டுமென்றே இழுத்துவிடும் இருமல். மூக்குக்கண்ணாடி வாங்க வந்த பெண்மணிக்கு வயதாகியிருந்தால் பேருக்கு ஒன்றோடு சரி. பார்க்க லட்சணமாக இருந்துவிட்டாலோ, அது லேசில் அடங்காது.

இருமுகிறவள் கண்ணாடிக்காரரின் மனைவி. முக்காலியில் உட்கார்ந்து, மடியில் மெல்லிய துணியை விரித்து, விற்பனைக்கு வைத்த பிரேம்களை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருப்பாள். குனிந்த தலை நிமிராது. காது மட்டும் கணவரின் வாயருகே போய் நிற்கும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவளுக்கு இருமலக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். சங்கதி தெரியாத ஒரு வாடிக்கைக்காரி, பாவப்பட்டு மறுநாளே ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்து கொடுத்தாள். இருமலக்கா தேனை வாங்கிக்கொண்டாள். இருமலை விடவில்லை.

வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேச்சு தொடரும். “நீலச் சட்டைக்காரம்மாவுக்குக் கண்ணாடியைத் துடைச்சு வேற குடுத்தீங்களே, அவங்களுக்குக் கை இல்லையா?” என்பாள், சோறு போட்டுக்கொண்டே. வியாபாரம் என்றால் நாலு வார்த்தை இனிக்கப் பேசத்தானே வேண்டும் என்று அவர் இழுப்பார். முகத்தைச் சுளிப்பாரே தவிர, உள்ளூர அவருக்கு அதில் ஒரு குளிர்ச்சி உண்டு. ஒரு நாள் அவள் இருமாமல் இருந்ததற்கு, உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் அவர்.

இந்த வருஷம் இருமலக்காவுக்கே பார்வை மங்கத் தொடங்கியது. போனைக் கைக்கெட்டிய தூரம் நீட்டிப் பிடித்துப் படித்தாள். ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். நாற்காலியில் வந்து உட்கார், நானே பார்த்துவிடுகிறேன் என்று கண்ணாடிக்காரர் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவள் பிடி கொடுக்கவில்லை. “ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை எனக்கும் சொல்லப்போறீங்களா?” என்று சிரித்துத் தட்டிக் கழித்தாள். அவள் பயம் அதுவல்ல. பெண்டாட்டிதானே என்று அந்தப் பொய்யைக்கூடச் சொல்லாமல், பவரை மட்டும் பார்த்து எழுப்பி அனுப்பிவிட்டால்?

ஒரு நாள் முற்பகல், வெளியே போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், ஊதா நிற பிரேம் போட்ட கண்ணாடியோடு திரும்பி வந்தாள். வந்து, ஒன்றுமே நடக்காதவள்போல் முக்காலியில் உட்கார்ந்து துணியை விரித்தாள்.

கண்ணாடிக்காரருக்குக் கையில் இருந்த ஸ்குரூ கீழே விழுந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டார்.

“தெருக்கோடியில புதுக்கடை வந்திருக்குல்ல, அங்கதான். கடைக்காரரு ரொம்பப் பொறுமை. இந்த மாதிரிக் கண்ணைத் தடி பிரேம் போட்டு மறைச்சா பாவம்னாரு.”

கண்ணாடிக்காரர் பொடி எழுத்து அட்டையை அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரை தங்குதடையில்லாமல் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸில் ஒரு கீறலாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. அதுதான் அவருக்குக் கூடுதலாக எரிந்தது.

“மாட்டி விடும்போது முகத்தைத் தொட்டானா?”

“தொடாம எப்படி மாட்டுறது? நீங்க என்ன, எட்ட நின்னு தூக்கிப் போட்டா மாட்டுறீங்க?”

அவர் கண்ணாடியை அவளிடம் நீட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். பிற்பகல் வந்தவர்களுக்கு வேண்டியதை எடுத்து வைத்தார், அவ்வளவுதான். ஒரு பெண் நிலைக்கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்து, நன்றாக இருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டாள். கண் தெரிந்தால் போதாதா என்றார் அவர். அவள் பிரேமை வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அதுவரை உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்த இருமலக்கா துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஓடிப்போய் அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்திக் கூட்டிவந்து, இந்த மூக்குக்கு அந்த பிரேம் எத்தனை எடுப்பு என்று தானே புகழ்ந்து விற்று அனுப்பினாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அவருடைய முகம் இருந்த இருப்பைப் பார்த்ததும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று குறும்பு தடுத்தது.

விளக்குப் போடும் நேரத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் படியேறினார். பல் பாதி இல்லை. தெருக்கோடிக் கடை தன்னுடையது என்று சொல்லி, பையிலிருந்து கண்ணாடி வைக்கும் பெட்டியை எடுத்தார்.

“காலையில நான் கடையில இல்லீங்க, என் மகதான் இருந்தா. உங்க வீட்டம்மா இதை விட்டுட்டு வந்துட்டாங்களாம்” என்றவர், இருமலக்காவின் பக்கம் திரும்பி, “இவங்கதானா அது?” என்று விசாரித்தார்.

கண்ணாடிக்காரர் போட்டிக் கடைக்காரருக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், படி வரை கைபிடித்துக் கொண்டுபோய் விட்டார். இருமலக்கா துடைத்த பிரேமையே மறுபடி துடைத்தாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்குத் தன்னைக் கிழித்துத் தொங்கவிடப்போகிறார் என்று காத்திருந்தாள்.

“கண்ணை மறைச்சா பாவம்னு அந்தப் பொண்ணா சொல்லிச்சு?”

“யாரும் சொல்லல. நானே சொல்லிக்கிட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி, “இங்க வந்து உக்காரு” என்றார்.

வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் பக்கத்தைச் சூட்டுக் காற்றில் காட்டி இளக்கி, ஒரு நெல்லளவு வளைத்தார். ஆறும்வரை ஊதினார். பிறகு அவளுடைய முடியை ஒதுக்கி, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலை வைத்து மெதுவாக மாட்டினார். விரலை உடனே எடுக்கவில்லை.

“எங்கயும் உறுத்துதா?”

கண்ணை மூடியபடியே இல்லையென்று தலையசைத்தாள்.

“கண்ணைத் திற. சரியா உக்காந்திருக்கான்னு பார்க்கணும்.”

இருமலக்கா திறக்கவில்லை.