சாம்பலில் வடித்த தண்ணீர்

குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்த அம்மா தொலைபேசியில் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் தண்ணீர்தான். அங்கே சவர்க்காரம் பட்டதுமே நுரைக்குமாம். தன்னாமுனையில் எங்கள் வளவுக் கிணற்றுநீருக்கோ அரைக்கட்டி கரைந்தாலும் நுரை வராது. குடித்தால் உவர்ப்பு, வாளியில் வைத்தால் அடியில் மஞ்சள் படியும். நான் அப்போது பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. லீவில் வரப்போகும் அம்மாவைத் திரும்பிப் போகவிடாமல் வைத்திருக்க என்ன வேண்டும் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அப்பா விடியமுன் வாவிக்கு மீன்பிடிக்கத் தோணியில் போனால் வெயில் ஏறித்தான் வருவார். பள்ளியும் விடுமுறை. மூன்று சோடாப் போத்தல்களின் அடியை வெட்டி, தலைகீழாக வேலியில் கட்டினேன். வாய்களுக்கு அப்பா இடுப்பில் கட்டிப் பழசான சாரத்துணி. ஒன்றில் கழுவிய மணல், ஒன்றில் இடித்த சிரட்டைக்கரி, மற்றதில் அடுப்புச் சாம்பல். கிணற்றுநீரை ஊற்றி, வடியும் சொட்டுகளை எண்ணுவேன். எண்ணி முடித்ததும், பக்கத்தில் அம்மா இருப்பதுபோல், கணக்கைச் சத்தமாகச் சொல்லுவேன்.

மணல் தண்ணீரைத் தெளியவைத்தது, நுரை இல்லை. கரி மணத்தைப் போக்கியது, அதிலும் நுரை இல்லை. சாம்பலில் மெல்ல வடிந்த தண்ணீரில் சவர்க்காரத்தை உரசினேன். கையே மறைகிற அளவுக்கு நுரை. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன்.

“சாம்பல்ல தண்ணி வடிச்சிட்டாய். இனி மண்ணில சோறாக்கு” என்றபடி வலையைக் காயப்போட்டார்.

நான் ஒரு மிடறும் சுவைக்கவில்லை. படைக்கிற பொங்கலில் உப்புப் பார்க்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை. முதல் வாய் அம்மாவுக்குத்தான்.

அம்மா வந்த அன்று வீடு நிறையச் சொந்தம். எல்லோரும் போய் முடியும்வரை காத்திருந்து, செம்பை நீட்டினேன். ஒரு மிடறு குடித்தவர் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

“எப்படி அம்மா?”

“நல்லா இரிக்கு மனே.”

“அப்ப நீங்க போகமாட்டீங்கதானே?”

அம்மா செம்பைக் கழுவ எழுந்து போனார். தண்ணீர் மட்டுமே இருந்த செம்பை வெகுநேரம் தேய்த்துக் கழுவினார்.

ஒரு மாதத்தில் வான் வந்து அம்மாவை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. அன்று பின்னேரம் மறுபடியும் வடித்து, முதல் முறையாக நான் குடித்துப் பார்த்தேன். சவர்க்காரத்தையே நக்கியதுபோல ஒரு காரம், துப்பிவிட்டேன். நுரைத்தது சாம்பலின் காரத்தால், தண்ணீர் நல்லதானதால் அல்ல என்பதை உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தபோதுதான் அறிந்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பலை நான் தெரிவுசெய்தது பிழையாகிவிட்டது என்பதுதான். சாம்பலைக் கொட்டிவிட்டு, அடுத்த லீவுக்கென்று சிரட்டைக்கரியை இன்னும் நைசாக இடிக்கத் தொடங்கினேன். தண்ணீர் பிடிக்காமல்தான் அம்மா போனார் என்றால், அந்தச் செம்பை ஏன் கடைசிச் சொட்டுவரை குடித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.